மல்டி ஓமிக்ஸ் பேக்கேஜுக்கு முன்னால் உங்கள் மாமியாருக்கு ஒரு டெஸ்ட்

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 33. அப்பாவுக்கு 46 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அப்பாவின் கூடப்பிறந்த அத்தைக்கு 42-ல் மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். அடுத்த வருஷம் குழந்தைக்கு யோசிக்கிறீர்கள். இந்த நேரத்தில் ஒரு நிறுவனம் ஜீனோம், புரோட்டியோம், மெட்டபோலோம், குடல் பாக்டீரியா எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்து வரப்போகிற நோய்களை முன்கூட்டியே சொல்கிறோம் என்று 65,000 ரூபாய்க்கு ‘மல்டி ஓமிக்ஸ்’ பேக்கேஜ் விற்கிறது, எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், உங்கள் கணவர் அந்த அத்தையின் மகன்தான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வி முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஒரு வரிதான், அதற்கு அப்புறம் வருகிறேன். பேக்கேஜைப் பற்றிக் கேட்டாலும் உங்கள் மனதில் இருப்பது, எங்கள் குடும்பத்தில் ஓடுகிற நோய் எனக்கும் என் பிள்ளைக்கும் வருமா, அதை இப்போதே தெரிந்துகொள்ள வழி உண்டா என்பதுதான் என்று நினைக்கிறேன். ஓரளவு உண்டு, சில விஷயங்களில் நன்றாகவே உண்டு. ஆனால் அதற்கு இந்தப் பேக்கேஜ் வேண்டாம்.

நான் யார் என்று சொல்லிவிடுவது நியாயம். டாக்டர் இல்லை. பதினேழு வருஷமாக லேபில் இருக்கிறேன். முதல் எட்டு வருஷம் பச்சிளம் குழந்தைகளின் ரத்தப் பொட்டை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (மூலக்கூறுகளை எடை போட்டு அடையாளம் காணும் மெஷின்) பார்க்கும் வேலை, அப்புறம் மரபணு வரிசை படிக்கும் பிரிவு. மெஷின் என்ன சொல்லும், எங்கே பொய் சொல்லும் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு என்ன சிகிச்சை, எந்த வயதில் எந்த ஸ்கேன் என்பதை மருத்துவரும் மரபணு ஆலோசகரும்தான் சொல்ல வேண்டும், நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

ஓமிக்ஸ் என்றால் என்ன என்று சுருக்கமாக. ஒரு பொருளை மட்டும் அளக்காமல், அந்த வகையில் இருப்பதை எல்லாம் ஒரே மூச்சில் அளப்பது. மரபணு மொத்தமும் பார்த்தால் ஜீனோமிக்ஸ், இந்த நிமிஷம் எந்தெந்த மரபணு வேலை செய்கிறது என்று ஆர்என்ஏ மூலம் பார்த்தால் டிரான்ஸ்கிரிப்டோமிக்ஸ், புரதங்களைப் பார்த்தால் புரோட்டியோமிக்ஸ், சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு அமிலம் மாதிரி சின்ன மூலக்கூறுகளைப் பார்த்தால் மெட்டபோலோமிக்ஸ். ஒரு வீட்டை வைத்துச் சொன்னால், ஜீனோம் என்பது வீட்டு பிளான், கட்டின நாளிலிருந்து மாறாது. ஆர்என்ஏ என்பது இப்போது எந்த ரூமில் லைட் எரிகிறது என்பது. புரதங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்கள். மெட்டபோலைட் என்பது அடுப்பில் கொதிப்பதும் சாக்கடையில் போவதும். பிளானை ஒரு தடவை பார்த்தால் போதும், சாக்கடையில் போவது காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இந்த வித்தியாசத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பேக்கேஜில் பாதி விஷயம் இதிலேயே அடிபட்டுப் போகும்.

மனித ஜீனோம் திட்டம் 1990-ல் தொடங்கி 2003-ல் முடிந்ததாக அறிவித்தார்கள், விட்டுப்போன கடினமான பகுதிகளைப் படித்து உண்மையிலேயே முழுசாக முடித்தது 2022-ல்தான். சுமார் 300 கோடி எழுத்துகள். ஒரு லட்சம் மரபணு இருக்கும் என்று முன்பு பலர் நினைத்திருந்தார்கள், புரதம் செய்யும் மரபணு கடைசியில் 20,000 அளவுக்குத்தான் தேறியது. அன்றைக்குக் கோடிக்கணக்கான டாலர் ஆன வேலை இன்றைக்கு ஆயிரம் டாலருக்குக் கீழே வந்துவிட்டது. படிப்பது மலிவாகிவிட்டது, படித்ததற்கு அர்த்தம் சொல்வது அந்த அளவுக்கு மலிவாகவில்லை, இந்த இடைவெளியில்தான் உங்களுக்கு வந்த மாதிரி விளம்பரங்கள் குடியிருக்கின்றன.

சரி, எது நிச்சயமாக வேலை செய்கிறது? நான் கண்ணால் பார்த்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். குழந்தை பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிகாலில் குத்தி, தடிமனான காகிதத்தில் நான்கைந்து பொட்டு ரத்தம் எடுப்பார்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி என்பவர் பினைல்கீட்டோன்யூரியா என்ற ஒரே ஒரு நோய்க்காக ஆரம்பித்து வைத்தது இது. அந்த நோயில் பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் கையாள முடியாது, அது மூளையில் சேர்ந்து குழந்தையின் அறிவு வளர்ச்சியை நிறுத்திவிடும். ஆனால் முதல் சில வாரங்களுக்குள் கண்டுபிடித்து உணவை மாற்றினால் அந்தக் குழந்தை மற்ற குழந்தைகள் மாதிரி பள்ளிக்கூடம் போகும். 1990-களில் டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்தபிறகு அதே ஒரு பொட்டு ரத்தத்திலிருந்து நாற்பது நோய்களுக்கு மேல் ஒரு சில நிமிஷத்தில் பார்க்க முடிகிறது. மெட்டபோலோமிக்ஸ் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த மெட்டபோலோமிக்ஸ் இது. ஒரு தடவை எங்களிடம் வந்த பொட்டில் ஒரு குழந்தைக்கு எண் எகிறி நின்றது. ஊரிலிருந்து திரும்ப வரவழைத்து, மறுபடி எடுத்துப் பார்த்து உறுதிசெய்து, பதினோராம் நாள் சிகிச்சை தொடங்கினார்கள். அந்தப் பையன் இப்போது எட்டாவது படிக்கிறான் என்று அவன் அம்மா போன வருஷம் போன் செய்து சொன்னார்.

அரிய நோய்களிலும் அப்படித்தான். 2009-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் நாலு வயசுப் பையன் ஒருவன், குடலில் ஓட்டை ஓட்டையாக விழுந்து நூற்றுக்கும் மேற்பட்ட தடவை ஆபரேஷன் தியேட்டருக்குப் போய் வந்தவன். என்ன நோய் என்றே யாருக்கும் தெரியவில்லை. அவனுடைய மரபணுக்களில் புரதம் செய்யும் பகுதி முழுவதையும் படித்து, 16,000-க்கும் மேற்பட்ட வித்தியாசங்களிலிருந்து சலித்துச் சலித்து எக்ஸ்ஐஏபி என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அது எதிர்ப்புச் சக்தி சம்பந்தப்பட்ட மரபணு, அதனால் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து ஸ்டெம்செல் மாற்று செய்தார்கள், குடல் நோய் அடங்கியது. இன்றைக்கும் காரணம் தெரியாத நோயோடு வரும் குழந்தைகளில் நான்கில் ஒருவருக்கோ மூன்றில் ஒருவருக்கோதான் இந்த முறையில் பதில் கிடைக்கிறது. வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த குடும்பத்துக்கு அதுவே பெரிய விஷயம்.

இந்த இரண்டிலும் கேள்வி முதலில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். இந்தக் குழந்தைக்கு இந்த நோய் இருக்கிறதா, இந்தப் பையனின் குடல் ஏன் இப்படி ஆகிறது. உங்கள் பேக்கேஜில் கேள்வியே கிடையாது, நல்லா இருக்கிற ஒருத்தரிடம் எல்லாவற்றையும் அளந்துவிட்டு ஏதாவது சிக்குகிறதா என்று பார்ப்பது. அதில் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று போடுகிறார்களே, பெரும்பாலும் ஆரோக்கியமான நூறு பேரை அளந்தால் நடுவில் வரும் 95 பேரின் எல்லைதான் அது. அப்படியென்றால் ஒரு நோயும் இல்லாத மனிதருக்கு 600 மெட்டபோலைட் பார்த்தால், சும்மாவே சுமார் 30 எண்கள் சிவப்பு எழுத்தில் வரும். அந்த முப்பதைப் பார்த்து உங்களுக்குத் தூக்கம் போகும். அதைத் துரத்தி இன்னும் பத்து டெஸ்ட் எடுப்பீர்கள், அதிலும் ஒன்றிரண்டு சிவப்பாக வரும்.

மெஷின் பொய் சொல்வதைப் பற்றி எங்கள் கதை ஒன்று. ஒரு ஆராய்ச்சிக்காக நோயாளிகள் ஒரு பக்கம், ஆரோக்கியமானவர்கள் ஒரு பக்கம் என்று ரத்தம் சேகரித்தோம். டேட்டாவை வரைந்து பார்த்தால் இரண்டு கூட்டமும் எண்ணெயும் தண்ணியுமாகப் பிரிந்து நின்றது, நோயாளிகளிடம் குளுக்கோஸ் குறைவு, லாக்டேட் அதிகம். பெரிய கண்டுபிடிப்பு என்று ஒரு வாரம் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஒரு டெக்னீஷியன் பெண் ரெஜிஸ்டரை எடுத்துவந்து காட்டினாள். நோயாளிகளின் ரத்தம் வெளியூர் முகாமில் எடுத்தது, ஐஸ் இல்லாமல் வெயிலில் மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்திருக்கிறது. ட்யூபுக்குள் இருக்கும் சிவப்பணு சும்மா இருக்காது, குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டாக விட்டுக்கொண்டே இருக்கும். நாங்கள் கண்டுபிடித்தது வேன் வந்த தூரத்தை. நாங்களாவது அதை யாருக்கும் விற்கவில்லை.

உலக அளவிலும் இது நடந்திருக்கிறது. 2002-ல் ரத்தத்தில் புரதங்களின் வடிவத்தைப் பார்த்தே கருப்பைக்குப் பக்கத்தில் உள்ள சினைப்பைப் புற்றுநோயைச் சொல்லிவிடலாம் என்று லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது, பெயர் மறைத்துக் கொடுத்த 50 புற்றுநோய் மாதிரிகளில் ஐம்பதையும் பிடித்தது என்றார்கள். டெஸ்ட் சந்தைக்கு வருவதாகவும் இருந்தது. டெக்ஸாஸில் எம்டி ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ஸும் அந்த டேட்டாவை உட்கார்ந்து தோண்டினார்கள். பிரிவினையில் பெரும்பங்கு நோயால் வந்தது போலவே இல்லை, மாதிரிகளைக் கையாண்ட விதத்தாலும் மெஷினாலும் வந்ததாகத் தெரிந்தது. அந்த டெஸ்ட் கடைசிவரை விற்பனைக்கு வரவில்லை. அதே இருவர்தான் பிறகு ட்யூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2006-ல் தொடங்கி வந்த கட்டுரைகளையும் சோதித்தார்கள். கட்டியின் மரபணுச் செயல்பாட்டைப் பார்த்து எந்தக் கீமோ கேட்கும் என்று சொல்லும் ஆய்வு அது. மரபணுப் பட்டியலில் பெயர்கள் ஒரு வரி நழுவியிருந்தன, அதாவது ஒரு மரபணுவின் எண் பக்கத்து மரபணுவின் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி நோயாளிகளை வைத்து மருத்துவச் சோதனையே ஓடிக்கொண்டிருந்தது, 2010-ல் நிறுத்தினார்கள், 2015-ல் ஆய்வு முறைகேடு என்று அமெரிக்க அரசு அமைப்பே அறிவித்தது. இதைச் சொல்வது இந்தத் துறையே மோசம் என்பதற்காக இல்லை. அதே கட்டி மரபணுச் செயல்பாட்டை ஒழுங்காகச் சோதித்தபோது என்ன கிடைத்தது என்றும் பாருங்கள்: 21 மரபணுக்களைப் பார்க்கும் ஒரு டெஸ்ட்டை 10,000-க்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் சோதித்து 2018-ல் முடிவு வந்தது. ஹார்மோன் சார்ந்த, நிணநீர்க் கணுவுக்குப் பரவாத வகையில், நடுத்தர மதிப்பெண் வந்த 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கீமோ கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பலன் ஒன்றுதான் என்று தெரிந்தது. முடி கொட்டாமல், வாந்தி எடுக்காமல் தப்பித்த பெண்கள் எத்தனையோ பேர்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். அத்தைக்கு 42-ல் வந்திருக்கிறது. மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான், ஆனால் 50 வயதுக்கு முன்னால் வந்தால் அந்தப் பக்கம் சந்தேகப்பட்டுப் பார்ப்பது வழக்கம். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்கள் முக்கியமானவை, 1994-லும் 1995-லும் அடையாளம் கண்டார்கள். இவற்றில் கெடுதலான மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவது 100-க்கு 70 அளவில், சினைப்பைப் புற்றுநோய் பிஆர்சிஏ1-ல் 40-க்கு மேல், பிஆர்சிஏ2-ல் 17 அளவில். இந்த எண்கள் பெரும்பாலும் மேலைநாட்டுக் குடும்பங்களிடமிருந்து வந்தவை, நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் ஆபத்து பெரியது என்பதில் சந்தேகம் இல்லை. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், யூதர்களிடம் அதிகம் காணப்படும் ஒரு பிஆர்சிஏ1 மாற்றம் குடும்பத்தில் புற்றுநோய் ஓடும் நம் ஊர் நோயாளிகளிடமும் கணிசமாக இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். ஆக இது வெளிநாட்டு விஷயம் இல்லை.

நிறைய பேர், டாக்டர்கள் சிலர்கூட, மார்பகப் புற்றுநோய் என்றால் அம்மா வழியை மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். அப்பா வழியாகவும் அதே மாதிரி வரும், அப்பா ஆணாக இருப்பதால் பெரும்பாலும் வெளியே தெரியாமல் கடத்திவிடுவார். அத்தைக்கு அந்த மாற்றம் இருந்தால் உங்கள் அப்பாவுக்கு இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று, உங்களுக்கு நான்கில் ஒன்று. உங்கள் கணவருக்கு நேரடியாகவே இரண்டில் ஒன்று. அதனால்தான் அந்தக் கடைசி வரி முக்கியம் என்றேன். ஒருவரை டெஸ்ட் செய்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து வழி தெரியும், அவர் உங்கள் அத்தை, அதாவது மாமியார்.

ஏன் அவரிலிருந்து தொடங்க வேண்டும்? நோய் வந்தவரிடம்தான் மாற்றம் இருக்கிறதா என்று தெளிவாகத் தேட முடியும். அவரிடம் கண்டுபிடித்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், மலிவு, பதிலும் ஆம் இல்லை என்று வரும். அவரைப் பார்க்காமல் உங்களை மட்டும் பார்த்து ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால், குடும்பத்தில் ஓடுவது உங்களுக்கு வரவில்லையா, இல்லை குடும்பத்தில் ஓடுவதை அந்த டெஸ்ட்டால் பிடிக்கவே முடியவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பேக்கேஜ் செய்யப்போவது இந்த இரண்டாவது வேலைதான். அதிலும் எச்சில் வாங்கிச் சிப்பில் பார்க்கும் முறை என்றால் இன்னும் மோசம். சிப் என்பது முன்கூட்டியே தெரிந்த இடங்களை மட்டும் தொட்டுப் பார்ப்பது, அரிய மாற்றங்களில் அது தடுமாறும். பிரிட்டனில் 50,000 பேர் அளவில் சரிபார்த்து 2021-ல் வெளியிட்டார்கள். சிப் ‘பிஆர்சிஏ மாற்றம் இருக்கிறது’ என்று காட்டிய அரிய இடங்களில், வரிசையைப் படித்துப் பார்த்தபோது நூற்றுக்கு ஐந்துகூட உண்மையாகத் தேறவில்லை. இப்படி ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மார்பகத்தை எடுக்கவா வேண்டாமா என்று யோசிக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

முழு வரிசை படித்தாலும் ஒரு தலைவலி உண்டு. ‘அர்த்தம் உறுதியாகாத மாற்றம்’ என்று ஒரு வகை ரிப்போர்ட் வரும். எழுத்து மாறியிருக்கிறது, அது கெடுதலா சாதுவா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று பொருள். நம் ஆட்களுக்கு இது மேலைநாட்டவரைவிட அதிகம் வருகிறது, காரணம் ஒப்பிடும் தகவல்களஞ்சியத்தில் நம் டிஎன்ஏ குறைவு. மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் 2019-ல் ஆயிரம் இந்தியர்களின் ஜீனோம் படித்து முடித்ததும், அப்புறம் ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேருடையதைப் படித்து 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டதும் இந்தக் குறையைத் தீர்க்கத்தான், மெதுவாகத் தீரும். அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது, இரண்டு மூன்று வருஷம் கழித்து மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், பெரும்பாலானவை சாது என்றே முடியும்.

அடுத்தது குழந்தை. சொந்த அத்தை மகனைக் கட்டியதற்காக உங்களை யாரும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊரில் நிறையக் குடும்பங்களில் இருப்பதுதான், என் அப்பா அம்மாவும் அப்படித்தான். உறவில்லாதவர்களின் குழந்தைகளில் பிறவிக் குறைபாடு நூற்றுக்கு இரண்டு மூன்று என்றால் இந்த உறவில் ஐந்தாறு. பிரிட்டனில் பிராட்ஃபோர்டில் 2013-ல் வெளியான பெரிய ஆய்வில் மூன்று, ஆறு என்று வந்தது. அதாவது இரட்டிப்பு, ஆனால் நூற்றில் 94 குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே கெட்ட மாற்றத்தை ஆளுக்கொன்று வாங்கியிருந்தால் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் சேரும், அதுதான் பிரச்சினை. மாமியாருக்கு பிஆர்சிஏ2 என்று வந்தால் இதிலும் ஒரு கோணம் உண்டு, இரண்டு பக்கமும் சேர்ந்தால் ஃபேன்கோனி ரத்தசோகை என்ற கொடிய நோய். கணக்குப்படி அப்போதும் 32-ல் ஒன்றுதான், இருந்தாலும் கர்ப்பத்துக்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது. உங்களுக்கு ஓமிக்ஸ் செலவு ஒன்று நியாயமாக இருக்கிறது என்றால் அது இதுதான்: கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எடுக்கும் ‘கேரியர்’ டெஸ்ட் (தனக்கு நோய் இல்லாமல் கெட்ட மாற்றத்தைச் சுமக்கிறார்களா என்று பார்ப்பது), கர்ப்பத்துக்கு முன்பு, மரபணு ஆலோசகர் உட்கார்ந்து குடும்ப மரம் வரைந்தபிறகு. தலசீமியாவுக்கு அதுகூட வேண்டாம், சாதாரண ரத்த எண்ணிக்கையும் ஹீமோகுளோபின் பகுப்பாய்வும் போதும். பிள்ளை பிறந்ததும் அந்தக் குதிகால் பொட்டு டெஸ்ட்டைக் கேட்டு வாங்குங்கள். நாடு முழுவதற்குமான கட்டாயத் திட்டம் இன்னும் இங்கே இல்லை, கேட்டால்தான் செய்வார்கள், சில ஆயிரம் ரூபாய்.

அப்பாவின் மாரடைப்பு. இங்கே ஜீனோமைவிட நூற்றுக்கணக்கான ரூபாய் லிப்பிட் டெஸ்ட் நிறையச் சொல்லும். எல்டிஎல் கொழுப்பு 190-ஐத் தாண்டினால் பரம்பரைக் கொழுப்பு நோய் என்று சந்தேகிக்க வேண்டும், அப்போதுதான் மரபணு டெஸ்ட்டுக்கு அர்த்தம் வரும். அதோடு லிப்போபுரோட்டீன்-ஏ என்று ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள் ஒன்று, பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாகிவிடும் அளவு அது, வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும், அப்பாவுக்கும் பாருங்கள், உங்களுக்கும் பாருங்கள். ஜீனோமிக்ஸ் இதயத்துக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். பிசிஎஸ்கே9 என்ற மரபணு 2003-ல் பிரான்சில் கொழுப்பு எகிறிய குடும்பங்களில் கிடைத்தது. அதே மரபணு செயலிழந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, இதய நோய் 88 சதவீதம் குறைவு என்று 2006-ல் தெரிந்தது. இயற்கையே சோதனை செய்து காட்டியது மாதிரி. 2015-ல் அதைத் தடுக்கும் ஊசி மருந்தே வந்துவிட்டது. ஆனால் உங்கள் பேக்கேஜ் தரப்போவது ‘இதய நோய் ரிஸ்க் ஸ்கோர்’ என்ற ஒரு எண், லட்சக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்களைக் கூட்டிப் போட்டது. அந்த மாதிரி ஸ்கோர்களுக்கு அடிப்படையான ஆய்வுகளில் 2019 கணக்குப்படி கிட்டத்தட்ட 78 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளி. நமக்கு அந்த ஸ்கோர் ஓரளவு பேசும், நம்பி மாத்திரை போடுகிற அளவுக்கு இல்லை.

இன்னொன்று உங்கள் ரிப்போர்ட்டில் வர வாய்ப்புள்ளதால் முன்கூட்டியே சொல்கிறேன். எம்ஒய்பிபிசி3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 எழுத்து விடுபட்டுப்போன மாற்றம் தெற்காசியர்களில் 100-க்கு 4 பேருக்கு இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த பெருந்துறை தண்டபாணியும் ஹைதராபாத் சிசிஎம்பி ஆராய்ச்சி நிலையத்தின் குமாரசாமி தங்கராஜும் உள்ளிட்ட குழு 2009-ல் இதயத் தசை நோயோடு இதைத் தொடர்புபடுத்திக் காட்டியது, நம்மவர்கள் செய்த பெரிய வேலை. ஆனால் அதைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் ஒன்றும் இல்லாமல் வாழ்கிறார்கள். பக்கத்திலேயே இன்னொரு மாற்றமும் சேர்ந்து வரும் சிறு பிரிவினரிடம்தான் ஆபத்து அதிகம் என்ற பக்கம் பிந்தைய ஆதாரம் சாய்கிறது. ‘உங்களுக்கு ஹார்ட் ஃபெயிலியர் ஜீன்’ என்று சிவப்பில் வந்தால் பதறாமல் ஒரு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்துவிட்டு இதய மருத்துவரிடம் பேசுங்கள்.

விளம்பரத்தில் கடைசி மூலையில் போட்டிருக்கும், ஆனால் எனக்கு உபயோகமாகப் படுவது, மருந்து மரபணு டெஸ்ட். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள் என்றால் குளோப்பிடோகிரெல் கொடுத்திருக்கலாம். அந்த மாத்திரை உடலுக்குள் போய் ஒரு ஈரல் நொதியால் மாறினால்தான் வேலை செய்யும், அந்த நொதியின் மரபணு பலவீனமானவர்களுக்குப் பலன் குறையும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010-லேயே கட்டம் கட்டி எச்சரித்தது. பிரிட்டனில் வாழும் பாகிஸ்தானி, வங்கதேசி வம்சாவளியினரிடம் பார்த்ததில் 57 சதவீதம் பேரிடம் ஒரு பலவீனப் பிரதியாவது இருந்ததாக 2023-ல் வந்த ஆய்வு சொல்கிறது. இதைப் படித்துவிட்டு அப்பாவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள், அவ்வளவுதான். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் சிலருக்குத் தோலையே உரித்துவிடும், அதன் மரபணுக் காரணத்தைத் தைவானில் 2004-ல் கண்டுபிடித்தார்கள். ஆரிய வைசியர் சமூகத்தில் சிலருக்கு மயக்க மருந்தோடு கொடுக்கும் ஒரு தசைத் தளர்வு ஊசி மணிக்கணக்கில் இறங்காது, அதற்கும் ஒரு நொதி மரபணுதான் காரணம், அனுபவமுள்ள மயக்கவியல் மருத்துவர்கள் அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்னால் சமூகத்தை விசாரிப்பார்கள், ஜாதி பார்க்கிறார் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஜீனுக்கேற்ற டயட், குடல் பாக்டீரியா ரிப்போர்ட் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஒரு வருஷம் வைத்துப் பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். கொழுப்புக் குறைத்த உணவு யாருக்கு, மாவுச்சத்துக் குறைத்த உணவு யாருக்கு என்று அவர்கள் சோதித்த மரபணு அமைப்பால் சொல்ல முடியவில்லை. குடல் பாக்டீரியாவில் உண்மையான வைத்தியம் ஒன்று இருக்கிறது, திரும்பத் திரும்ப வரும் ஒரு கடுமையான குடல் தொற்றுக்கு ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து பாக்டீரியாவை மாற்றிவைப்பது. ஆனால் நல்லா இருக்கிற உங்களுக்கு ‘நல்ல பாக்டீரியா 62 சதவீதம்’ என்று சொல்லி அவர்களே பவுடர் விற்பது வேறு கதை.

டேட்டாவைப் பற்றியும் யோசியுங்கள். ட்வென்டிதிரீ அண்ட் மீ என்ற, எச்சில் வாங்கி டிஎன்ஏ பார்க்கும் அமெரிக்க நிறுவனத்தில் 2023-ல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் திருடுபோனது, 2025 மார்ச்சில் நிறுவனமே திவால் மனு போட்டது. பாஸ்வேர்டை மாற்றலாம், டிஎன்ஏவை மாற்ற முடியாது, உங்களுடையது மட்டும் போவதில்லை, அத்தை, அப்பா, பிறக்காத பிள்ளை எல்லாருடையதும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்து போகிறது. மரபணுக் காரணத்தை மட்டும் சொல்லிக் காப்பீட்டை மறுப்பது சரியில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் ஒரு வழக்கில் சொன்னது, என்றாலும் அமெரிக்காவில் 2008-ல் வந்தது மாதிரி இதற்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. டெர்ம் இன்சூரன்ஸ் எடுக்கும் எண்ணம் இருந்தால் எது முதலில் என்பதை ஒரு ஆலோசகரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரம் செய்வது இதுதான். அத்தையிடம் உட்கார்ந்து பேசுவேன். அவருக்கு அந்த ஞாபகத்தைக் கிளறப் பிடிக்காமல் இருக்கலாம், ‘எனக்காக’ என்று கேட்டால் மறுப்பார், ‘உங்கள் மகனுக்கும் பேரப்பிள்ளைக்கும்’ என்று கேட்டால் மறுக்க மாட்டார் என்பது லேபில் வரிசையில் நிற்கும் அம்மாக்களைப் பார்த்த என் அனுபவம். அவருடைய பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர், ஹெர்2 என்று கட்டியின் வகையைச் சொல்லும் மூன்றும் நெகட்டிவ் என்று இருந்தால் பிஆர்சிஏ1 சந்தேகம் இன்னும் கூடும், அதை ஆலோசகரிடம் கட்டாயம் காட்டுங்கள். மாமியாருக்கான டெஸ்ட் புதிதாக எடுக்கும் ரத்தத்திலேயே நடக்கும், பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் பேனல் டெஸ்ட் விலை லேபுக்கு லேப் மாறும், உங்கள் பேக்கேஜ் விலையில் பாதிகூட வராது. மரபணுவில் பெரிய துண்டே விடுபட்டிருந்தால் அதையும் பார்ப்பீர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், சில லேப்கள் அதை விட்டுவிடும். அப்புறம், ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி கையில் கொடுத்தனுப்பிய மெழுகுத் துண்டு, அதாவது அவருடைய கட்டியின் திசுவை மெழுகில் புதைத்து வைத்தது, சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் ரப்பர்பேண்ட் போட்டு பீரோவில் எங்காவது கிடக்கும், அதை யாரும் குப்பை என்று தூக்கிப்போடுவதற்குள் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.